பன்னீர் இலை வடிவில் ஒரு துணிப்பை

கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சரக்கறையைத் தணிக்கை செய்யும் நாளில், வேட்டி, சேலை, துண்டு யாவும் எண்ணி முடிந்த பிறகு, மூலையில் ஒரு சாக்கு மூட்டை எஞ்சி நிற்பதை நாம் பல இடங்களில் கண்டிருக்கிறோம். அது யாது என வினவினால், "வெட்டுத் துண்டுகள் ஐயா, கணக்கில் வராது" என்று விடை வரும். பாவு முடியும் இடத்தில் எஞ்சிய அரை மீட்டர், ஊடை தவறியதால் ஒதுக்கிய பகுதி, கறைபட்ட சேலையில் கறைபடாத பாதி ஆகியவை அம்மூட்டையில் அடங்கியிருக்கும். என்றாவது ஒரு நாள் ஒரு வியாபாரி வந்து அதை எடை போட்டு எடுத்துச் செல்வார். அங்கத்தினர் ஒருவர் தறியில் அமர்ந்து நெய்த துணி கந்தல் விலைக்குப் போய்விடுகிறது.

இம்மூட்டையைக் கொண்டு செய்யத்தக்க ஒரு பொருளைப் பற்றியதே இக்கட்டுரை. வெட்டுத் துணியில் கடைப்பை தைக்கலாமே என்று பலர் கூறுவர். 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழகத்தில் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. ஆகவே கடைப்பைக்குத் தேவை உண்டென்பது மெய்யே. ஆயினும் கடைப்பைக்குப் பெரிய துணி வேண்டும். விலையிலோ மில் துணியுடன் போட்டியிட வேண்டும். இரண்டிலும் நம் வெட்டுத் துண்டு தோற்றுப் போகும். கையகலத் துணிக்குக் கையகலப் பொருளே ஏற்றது. அது சில்லறையும் சாவியும் கொள்ளும் சிறு பை. சிறு பை விற்பனையாவது அதன் வடிவத்தால்.

நம் நாட்டுச் சிறு பைக்கு மூத்த வடிவம் சுருக்குப்பை. வெற்றிலையும் பாக்கும் சில்லறையும் இட்டு இடுப்பில் செருகிய அப்பையில் உலோகம் ஏதுமில்லை. இரு கயிறுகளை இழுத்தால் வாய் மூடும், விரலிட்டு விரித்தால் திறக்கும். அதைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் பேருந்தில் ஏறி இறங்கும் இக்காலத்தவர் ஜிப் வைத்த பையையே கேட்கின்றனர். கேட்பதைத் தைப்போம், வடிவத்தை மட்டும் நம் ஊரிலிருந்து எடுப்போம்.

திருச்செந்தூர் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சென்றது. மாவட்டம் பிரிந்ததேயன்றித் தாமிரபரணித் தண்ணீரும் திருவிழாக் கூட்டமும் பிரியவில்லை. கந்த சஷ்டிக்கும் வைகாசி விசாகத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் கடற்கரையில் திரளும் மக்கள் ஊர் திரும்பும்போது கையில் கொண்டு செல்வன பல. அவற்றுள் பிற தலங்களில் கிடைக்காதது இலை விபூதி. பன்னீர் மரத்தின் இலையில் திருநீற்றை வைத்து மடித்துத் தருவது இத்தலத்தின் வழக்கம். ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் சுப்பிரமணிய புஜங்கத்திலும் இந்த இலைத் திருநீறு குறிப்பிடப்படுகிறது. பன்னீர் மரம் கடலோரங்களில் நன்கு வளர்வது. அதன் வெண்மலர்கள் மாலையில் மலர்ந்து மணம் வீசிக் காலையில் உதிர்ந்து கிடக்கும். இலை அகன்று முட்டை வடிவாய் இருக்கும். அதில் பன்னிரண்டு நரம்புகள் உண்டென்றும், அவை முருகப் பெருமானின் பன்னிரு கரங்களைக் குறிப்பன என்றும் அடியார்கள் போற்றுவர். நாம் பொறுக்கி எண்ணிய உதிர்ந்த இலைகள் சிலவற்றில் எண்ணிக்கை ஒத்து வந்தது, சிலவற்றில் வரவில்லை. எவ்வாறாயினும் நம் பைக்குப் பன்னிரண்டே இருக்கட்டும்.

இந்த வடிவத்துக்கு நாம் நேராக வந்து சேர்ந்துவிடவில்லை. முதலில் ஒரு மகளிர் தையல் குழுவுக்கு நாம் கூறிய யோசனை வெற்றிலை வடிவம். ஆத்தூர் வெற்றிலை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வீரவநல்லூர்ச் செடிபுட்டா சேலைக்கும் அதே ஆண்டில் அக்குறியீடு கிடைத்தது. கொடிக்கால் விவசாயியின் இலையையும் தாமிரபரணிக் கரை நெசவாளியின் துணியையும் ஒரே பையில் சேர்த்துவிடலாமென்று நாம் மகிழ்ந்தோம். காகிதத்தில் அது அழகாகவே இருந்தது. தைத்த பைகளில் பாதிக்கு மேல் ஒரு மாதத்துக்குள் கடையிலிருந்து திரும்பி வந்தன.

பிழை தைத்தவர்களுடையதன்று, யோசனை சொன்ன நம்முடையது. வெற்றிலையின் காம்பருகே உள்வாங்கும் ஒரு பள்ளம் உண்டு. இரு துணிகளை நல்ல முகம் உள்ளே இருக்க வைத்துத் தைத்துப் புறம் திருப்பும்போது, அப்பள்ளத்தில் துணி சுருங்காமல் இருக்கத் தையல்வரை கத்தரியால் ஒரு வெட்டுக் கொடுத்தாக வேண்டும். நெருங்க நெய்த மில் துணி அவ்வெட்டைத் தாங்கும். இழை சற்றுத் தளர்ந்த கைத்தறித் துணியிலோ, வெட்டின் முனையிலிருந்து நூல் ஒவ்வொன்றாய் நழுவும். நான்கு முறை சில்லறை எடுத்ததும் பள்ளத்தில் ஓட்டை விழுந்துவிடும். துணியை நன்கு அறிந்த நெசவாளர் எவரையேனும் முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நாம் கேட்கவில்லை.

பன்னீர் இலையில் அத்தகைய பள்ளம் இல்லை. சுற்றிலும் வெளிப்புறமாகவே வளைவதால் எவ்விடத்தும் துணியைத் தையல்வரை வெட்ட வேண்டியதில்லை. இந்த மாற்றத்தை நாம் கூறியபோது அக்குழுவின் மூத்த ஆச்சி ஒருவர் இலையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நடுவிலேதானேய்யா நரம்பு ஓடுது, அங்கேயே ஜிப்பை வெச்சா என்ன?" என்றார். பையின் விளிம்பில் வளைத்து வைக்க வேண்டிய ஜிப் நேர்கோட்டில் நடு நரம்பாகவே அமைந்துவிட்டது. வளைவில் ஜிப் தைப்பது தேர்ந்தவருக்கே கடினம்; நேர்கோட்டில் தைப்பது ஒரு வாரம் பழகியவருக்கும் எளிது. இனி வரும் முறை அவ்வம்மையார் காட்டிய வழியே.

முதலில் துணியை ஓரிரவு தண்ணீரில் ஊற வைத்து அலசி நிழலில் உலர்த்துக. தறியில் பாவு இழுபட்டே நிற்கிறது. தண்ணீர் கண்டதும் அவ்விழுப்பு தளர்ந்து துணி குறுகும். தைப்பதற்கு முன்பே குறுகிவிட்டால் நல்லது. இல்லையேல், வாங்கியவர் வீட்டில் முதல் சலவையில் துணி குறுகும், ஜிப் குறுகாது; பை நெளிந்துவிடும். ஈரத் துணியை வெள்ளைத் துண்டால் அழுத்தித் துடைத்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்த்துக் கொள்க. ஒட்டினால் அத்துண்டை இவ்வேலைக்கு எடுக்க வேண்டாம்.

பிறகு மாதிரி அட்டை. 18 செ.மீ. நீளமும் அகன்ற இடத்தில் 13 செ.மீ. அகலமுமாக இலையைக் கனத்த அட்டையில் வரைந்து வெட்டுக. காகிதத்தை நெடுகே இரண்டாய் மடித்துப் பாதி இலையை மட்டும் வரைந்து வெட்டி விரித்தால் இரு பக்கமும் ஒத்து வரும். நுனியைக் கூர்மையாக்காமல் சற்று மழுக்கி விடுக. கூர்நுனியில் ஓரப்பட்டியை மடிப்பது தனி வித்தை, வேகமும் குறையும்.

மேல்துணியில் முன்பக்கத்துக்கு 9 செ.மீ. அகலமும் 22 செ.மீ. நீளமும் உள்ள இரு துண்டுகள், பின்பக்கத்துக்கு 16-க்கு 22 அளவில் ஒரு துண்டு வேண்டும். உள்துணியும், இடையில் வைக்கும் பழைய வேட்டித் துணியும் இதே அளவு. 22 செ.மீ. பக்கம் பாவு வழியே அமைய வேண்டும் என்பதை மறக்கலாகாது. ஊடை வழியைவிடப் பாவு வழியில் துணி குறைவாக நீளுமாதலால், ஜிப்புடன் சேர்த்துத் தைக்கும்போது அலை விழாது. இவ்வளவின்படி 102 செ.மீ. அகலமும் 88 செ.மீ. நீளமும் உள்ள ஒரு துண்டில் 12 பைகளுக்கு மேல்துணி கிடைக்கும். மூட்டையில் கிடைப்பவை இவ்வளவு ஒழுங்காக இருக்கமாட்டா. முன்பக்கம் ஒரு துணியிலும் பின்பக்கம் வேறு துணியிலும் அமைந்தாலும் குறையில்லை.

இலை வடிவில் வெட்டிக் கொண்டு நரம்பு தைக்கத் தொடங்குவது பலரும் செய்யும் தவறு. இரண்டு துணிகளைச் சேர்த்து நெருக்கமாய்த் தைக்கும்போது அவை சிறிது உள்வாங்கும். வெட்டிய பிறகு தைத்தால் அளவு குறைந்து முன்னும் பின்னும் பொருந்தாது. ஆகவே நீள்சதுரமாக இருக்கும்போதே மேல்துணியையும் இடைத்துணியையும் சேர்த்து நரம்புகளைத் தைத்துவிடுக. முன்பக்கத்தின் ஒவ்வொரு பாதியிலும் ஆறு நரம்புகள். நடுவிலிருந்து தொடங்கி இலை நுனியை நோக்கிச் சாய்ந்து செல்ல வேண்டும். இடப்பாதியும் வலப்பாதியும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிரெதிராக இருத்தல் அவசியம். ஒருநாள் ஒருவர் முப்பது பாதிகளையும் இடப்பாதியாகவே தைத்து முடித்துவிட்டார். ஆகையால் சாக்குக்கட்டியால் இரண்டிரண்டாக எதிரெதிர் வைத்துக் கோடு போட்ட பின்பே இயந்திரத்தில் அமர வேண்டுமென இப்போது விதி வைத்திருக்கிறார்கள். நூல் துணியைவிட இரண்டு சாயை வெளுப்பாக இருந்தால் நரம்பு எடுப்பாய்த் தெரியும்.

அடுத்தது ஜிப். நீள அளவாய் வெட்டி விற்கும் உலோக ஜிப் வேண்டாம். மீட்டர் கணக்கில் விற்கும் நைலான் ஜிப்பே ஏற்றது. 24 செ.மீ. வெட்டி ரன்னரைக் கோத்து நடுவில் நிறுத்துக. முன்பாதியின் நேர்விளிம்பில் மேல்துணியின் நல்ல முகத்தின்மீது ஜிப்பைக் கவிழ்த்து, அதன்மேல் உள்துணியை நல்ல முகம் கீழாக வைத்து, மூன்றையும் சேர்த்து ஒரு தையல். இரு துணிகளையும் விரித்துத் திருப்பி இஸ்திரி போட்டு, ஜிப்பை ஒட்டி மேலே மீண்டும் ஒரு தையல். மறு பாதிக்கும் அவ்வாறே. இப்போது நடுவில் ஜிப் ஓடும் ஒரு நீள்சதுரம் கிடைக்கும். மாதிரி அட்டையின் நடுக்கோட்டை ஜிப்பின் நடுவில் பொருத்தி வரைந்து வெட்டுக. வெட்டுமுன் ரன்னர் இலைக்குள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்; வெளியில் நின்றால் அது கழன்று கையோடு வந்துவிடும். வெட்டியவுடன் ஜிப்பின் இரு முனைகளிலும் குறுக்கே நான்கைந்து முறை தைத்துப் பூட்டிவிடுக.

பின்பக்கத் துண்டையும் நரம்பு தைத்து, உள்துணி சேர்த்து, அதே அட்டையால் வெட்டி, இரு பக்கங்களையும் உள்துணிகள் உட்புறம் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்துக் குண்டூசி குத்துக. இனித் திருப்பும் வேலை கிடையாது. ஓரத்தைச் சுற்றி 4 செ.மீ. அகலமுள்ள பட்டியால் கட்டிவிட வேண்டியதுதான். இப்பட்டியைத் தையற்காரர் 'கிராஸ் பட்டி' என்பர். துணியின் பாவுக்கும் ஊடைக்கும் நடுவே சாய்வாக வெட்டுவதால் அப்பெயர். பாவு வழியிலோ ஊடை வழியிலோ வெட்டிய பட்டி வளைவில் வளையாது முரண்டு பிடிக்கும். சாய்வாக வெட்டியதில் இழைகள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து கொடுப்பதால் வளைந்து படியும். ஒரு பைக்கு 55 செ.மீ. நீளம் போதும். காம்பு இருக்கும் இடத்தில் தொடங்கி அங்கேயே முடிக்க வேண்டும். பட்டியை இழுத்துத் தைக்கலாகாது. இழுத்தால் இலை கிண்ணம்போல் குழிந்துவிடும். தொடக்கமும் முடிவும் சேரும் இடத்தில் விரலளவு துணி நாடாவை மடித்து வைத்துத் தைத்தால் அதுவே காம்பு. விரலில் மாட்டிக் கொள்ளலாம். ஜிப் முனைகளின்மேல் ஊசி செல்லும்போது இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் சுற்றுக. மெல்லிய ஊசியானால் அவ்விடத்தில் முறியக்கூடும்.

இலை விபூதியை உத்தேசித்து உள்ளே வெள்ளை மல் துணியில் தனியே எடுக்கத்தக்க ஒரு சிறு உறை வைத்தால் நலம். பச்சை இலை பிளாஸ்டிக் உறையில் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கிறது. பருத்தித் துணியில் காற்றோட்டம் இருப்பதால் மெல்ல உலர்ந்து அப்படியே இருக்கும். திருநீறு சிந்தினாலும் உறையை மட்டும் உதறிக் கொள்ளலாம். ஆனால் பையின்மேல் வேலோ சுவாமி பெயரோ பூவேலை செய்ய வேண்டாமென்பது நம் கருத்து. பையை மக்கள் இடுப்பில் செருகுவர், தரையில் வைப்பர், சில சமயம் அதன்மேல் அமர்வர்.

இனிக் கணக்கு. ஒரு சங்கத்தில் பையொன்றுக்குத் தையற்கூலி 15 ரூபாய் என்று நிர்வாகக் குழு தீர்மானித்திருந்ததைக் கண்டோம். காரணம் கேட்டால், "பெண்கள் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே" என்றனர். சும்மா இருக்கும் நேரம் என்று ஒன்று எந்தப் பெண்ணுக்கும் வாய்த்ததை நாம் கண்டதில்லை. அப்பெண்களும் சங்க அங்கத்தினர்களே; அவர்களது உழைப்பைக் குறைத்துக் காட்டி இலாபம் கணிப்பது சங்கம் தன் சட்டைப் பையிலிருந்து தானே எடுத்து எண்ணி மகிழ்வது போலாகும். வெட்டுத் துணிக்கு விலையில்லை என்பதும் அதே வகைப் பிழை. மூட்டையை அளந்து, மதிப்பிட்டு, இருப்புப் புத்தகத்தில் ஏற்றி, தையற் பிரிவுக்கு அம்மதிப்பிலேயே மாற்ற வேண்டும்.

உதாரணமாக, துணிகள், ஜிப், நூல், பட்டி ஆகியவற்றுக்குப் பையொன்றுக்கு 30 ரூபாய் எனக் கொள்வோம். பன்னிரண்டு பைகளைச் சேர்த்துத் தைத்து, எடுத்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துப் பன்னிரண்டால் வகுக்கையில் பையொன்றுக்கு 50 நிமிடம் வருகிறதென்க. மணிக்கு 60 ரூபாய் கூலியானால் தையற்கூலி 50 ரூபாய். இயந்திரப் பராமரிப்புக்கும் சேதத்துக்கும் 5, சங்கச் செலவுக்கு 10. ஆக அடக்கம் 95 ரூபாய். விற்பனைக் கடை விலையில் நூற்றுக்கு 20 கழித்துக் கொள்கிறது என்றால் விலை என்ன? பெரும்பாலோர் 95-உடன் அதில் நூற்றுக்கு 20 ஆகிய 19-ஐக் கூட்டி 114 என்பர். கடையோ 114-இல் நூற்றுக்கு 20, அதாவது 22 ரூபாய் 80 காசு எடுத்துக் கொள்ளும். கைக்கு வருவது 91 ரூபாய் 20 காசு. பைக்கு 3 ரூபாய் 80 காசு நஷ்டம். 300 பைக்கு 1,140 ரூபாய். இந்நஷ்டம் ஆண்டு முடிவில் எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியாது. பின்னர் தையற்கூலியைக் குறைக்கும் தீர்மானமாக அது திரும்பி வரும். சரியான வழி 95-ஐ 80-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குவது. 118 ரூபாய் 75 காசு வரும். 120 என்று வைக்கலாம்.

120 ரூபாய்க்கு யார் வாங்குவர் என்ற ஐயம் நியாயமானதே. எல்லோரும் வாங்கமாட்டார்கள். வாங்குபவர் துணிக்காகவும் வடிவத்துக்காகவும் வாங்குபவர். அவரிடம் உண்மையைச் சொல்லியே விற்க வேண்டும். மேல்துணி கைத்தறி, உள்துணி மில் துணி என்றால் சீட்டில் அவ்வாறே எழுதுக. கைத்தறி முத்திரை 2006-இல் மத்திய அரசு கொண்டு வந்தது. அதை ஒட்டுமுன் உரிய பதிவு செய்துகொள்ளல் வேண்டும். செடிபுட்டாத் துணியின் வெட்டுத் துண்டு கிடைத்து அதில் தைத்தால், துணி இன்னதென்று கூறலாம். வெறும் பச்சைத் துணியில் தைத்துவிட்டு அப்பெயரைச் சொல்லலாகாது.

இப்பகுதிப் பெண்களுக்கு ஊசி வேலை புதிதன்று. இடையன்குடியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கால்டுவெல் ஐயரின் துணைவியார் எலைசா அம்மையார் லேஸ் பின்னக் கற்பித்தார். புதியம்புத்தூர் இன்று ஆயத்த ஆடைத் தையலுக்குப் பெயர் பெற்றிருக்கிறது. ஆகவே தைப்பவரைத் தேடி அலைய வேண்டியிராது. காலத்தைத்தான் முன்கூட்டித் திட்டமிட வேண்டும். கந்த சஷ்டி ஐப்பசியில் வருவது. துணியை ஊறவைத்து வெட்டும் வேலை ஆடியில் தொடங்கினால், ஆவணித் திருவிழாவில் ஐம்பது பைகளைக் கடையில் வைத்துப் பார்த்து, எந்த நிறம் போகிறது, எந்தத் தையல் விடுகிறது என்று அறிந்து, புரட்டாசியில் மீதியைத் தைக்கலாம். ஐப்பசி பிறந்த பின் தொடங்குவோர் அவசரத்தில் ரன்னர் கழன்ற பையைத்தான் விற்பர்.

ஆச்சி தைத்த முதற்பை அந்தக் குழுவின் அறையில் ஆணியில் தொங்குகிறது. அதன் ஜிப் நுனியருகே சற்றுக் கோணியிருப்பதால் அதை விற்க அவர் சம்மதிக்கவில்லை. பணப்பெட்டிச் சாவி இப்போது அதற்குள் இருக்கிறது. சென்ற முறை நாம் தணிக்கைக்குச் சென்றபோது காரியதரிசி அதைத் திறந்துதான் சாவியை எடுத்துக் கொடுத்தார்.